லிங்க்ட்இன்னில் எங்கெங்கே சறுக்குகிறோம்? பெயர் போடுவதில் தொடங்கி வேலையில் சேரும் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

லிங்க்ட்இன்னை ஆபீஸ் ஆட்கள் மட்டும் புழங்கும் ஃபேஸ்புக் என்று எடுத்துக்கொள்வதில்தான் பாதித் தவறுகள் தொடங்குகின்றன. மீதிப் பாதி, பயோடேட்டாவை ஒட்டி வைத்துவிட்டு மறந்துபோவதால் வருகிறது. 2003-ல் தொடங்கி, 2016-ல் மைக்ரோசாஃப்ட் கைக்குப் போன இந்தத் தளத்தின் வருமானத்தில் பெரிய பகுதி, ஆள் தேடும் நிறுவனங்கள் கட்டும் சந்தாவிலிருந்து வருகிறது. ஆக, கடைக்காரருக்கு வாடிக்கையாளர் ரெக்ரூட்டர். நாம் அலமாரியில் இருக்கும் சரக்கு. கேட்க நன்றாக இல்லைதான், ஆனால் இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

ரெக்ரூட்டர் என்ன செய்கிறார்? பதவி, திறமை, ஊர், எத்தனை வருட அனுபவம் என்று நாலைந்து விஷயங்களைத் தட்டுகிறார். பட்டியல் வருகிறது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு போட்டோ, பெயர், அதன் கீழே ஒரு வரி, இப்போதைய வேலை, ஊர். அவ்வளவுதான் அவர் கண்ணில் படுவது. அதைப் பார்த்துதான் சிலரை மட்டும் திறக்கிறார். கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் அந்த அவசரக்கார மனிதரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கை வைக்கும் முன் ஒரு சுவிட்ச்

வேலை மாறலாம் என்று முடிவெடுத்த அன்று இரவே உட்கார்ந்து ப்ரொஃபைலை முழுக்கப் புதுப்பிக்கிறோம். மறுநாள் காலையில் மேனேஜர், "என்னப்பா, ஏதாவது பிளானா?" என்கிறார். காரணம், வேலை, படிப்பு சம்பந்தமான மாற்றங்களை உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குச் சொல்லும் வசதி திறந்து கிடந்ததுதான். செட்டிங்ஸில் விசிபிலிட்டி என்ற பகுதிக்குப் போய் முதலில் அதை அணையுங்கள். ஒரு வேலையைப் புதிதாகச் சேர்க்கும்போதும், திருத்தும்போதும் அந்தப் படிவத்திலேயே இதற்கு ஒரு சுவிட்ச் இருக்கும். அதையும் பார்த்துவிட்டு சேவ் கொடுங்கள்.

அதே பகுதியில் உங்கள் கனெக்‌ஷன் பட்டியலை யார் பார்க்கலாம், மின்னஞ்சல் முகவரி யாருக்குத் தெரியலாம் என்ற தேர்வுகளும் இருக்கின்றன. விற்பனைத் துறையில் இருப்பவர்கள் பட்டியலை மூடி வைப்பது நல்லது. இல்லாவிட்டால், உங்கள் வாடிக்கையாளர்கள் யார் யார் என்று போட்டி நிறுவனத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகிவிடும்.

பெயர்: நமக்கே உரிய தலைவலி

படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கேட்கிறது. நமக்கோ இனிஷியல்தான் உண்டு. அதனால் 'கார்த்திக் எஸ்' என்று ஆயிரக்கணக்கானோர் கிடக்கிறார்கள். சிலர் கடைசிப் பெயர் இடத்தில் ஒரு புள்ளி வைக்கிறார்கள். சிலர் அங்கேயே பி.இ., எம்.பி.ஏ. என்று பட்டங்களை அடுக்குகிறார்கள். பெயருக்கு முன்னால் ராக்கெட் படம் போடுகிறவர்களும் உண்டு. பெயர் கட்டத்தில் குறியீடுகளும் படங்களும் கூடாது என்பது தளத்தின் விதி.

இனிஷியலை விரித்து, அப்பா பெயரையோ நீங்கள் வழக்கமாகப் போடும் பெயரையோ கடைசிப் பெயராக வையுங்கள். பாஸ்போர்ட்டில், டிகிரி சர்ட்டிஃபிகேட்டில், ரெஸ்யூமேயில், இங்கே என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். வளைகுடா வேலை தேடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் சொன்னபோது, நம்மூர்க்காரர்கள் பலர் விமான நிலையம் வரை போய் முழிக்கும் நிலை வந்தது. பெயர் ஒரு சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது.

அடுத்து, ப்ரொஃபைலின் இணைய முகவரி. தளம் தானாகக் கொடுக்கும் முகவரியின் வாலில் எழுத்தும் எண்ணும் கலந்து தொங்கும். அதை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், காசு கிடையாது. பெயரோடு தொழிலையோ ஊரையோ சேர்த்து வைத்தால், உங்கள் பெயரில் இருக்கும் மற்ற ஆயிரம் பேரிலிருந்து பிரிந்து தெரிவீர்கள்.

போட்டோவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கல்யாண வீட்டு குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தால் பக்கத்து ஆளின் தோள் கட்டாயம் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில், வெறும் சுவர் முன்னால் நின்று போனிலேயே எடுத்தால் போதும். ஒன்றை மட்டும் சரிபாருங்கள்: போட்டோ யாருக்குத் தெரியலாம் என்பதை 'என் கனெக்‌ஷன்களுக்கு மட்டும்' என்று வைத்திருந்தால், ரெக்ரூட்டருக்குத் தெரிவது சாம்பல் நிற நிழல் உருவம்தான்.

பெயருக்குக் கீழே அந்த ஒரு வரி

ஹெட்லைனுக்கு 220 எழுத்துகள் வரை இடம் உண்டு. பெரும்பாலானோர் அதில் எழுதுவது இரண்டே வகை. ஒன்று, தளம் தானாக நிரப்பிய பதவிப் பெயர். இன்னொன்று, 'பேஷனேட் லேர்னர், ட்ரீமர், வேலை தேடிக்கொண்டிருக்கிறேன்'. ட்ரீமர் என்று தட்டித் தேடும் ரெக்ரூட்டர் எந்த ஊரிலும் கிடையாது.

ஐ.டி. உதாரணம் எல்லோரும் சொல்வார்கள். நாம் திருப்பூருக்குப் போவோம். ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் நாலு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவர் ஹெட்லைன் 'சீனியர் எக்ஸிக்யூட்டிவ்' என்று இருக்கிறது, கம்பெனி கொடுத்த பதவிப் பெயர் அதுதான் என்பதால். அந்தப் பெயரை வைத்து வங்கிக்காரரா, மருந்து விற்பவரா, யார் என்றே சொல்ல முடியாது. அதையே இப்படி எழுதலாம்: 'மெர்ச்சண்டைசர் | நிட்வேர் ஏற்றுமதி | ஐரோப்பிய பையர்கள் | சாம்பிள் முதல் ஷிப்மென்ட் வரை | திருப்பூர்'. ஒவ்வொரு துண்டும் யாரோ ஒருவர் தேடும் சொல். பொய் ஒன்றும் இல்லை. அனுபவப் பகுதியில் கம்பெனி கொடுத்த பதவிப் பெயரை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஹெட்லைன் உங்கள் இஷ்டம்.

அனுபவப் பகுதி: கடமைப் பட்டியல் வேண்டாம்

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். அந்த மெர்ச்சண்டைசர் இப்போது எழுதி வைத்திருப்பது இது: 'பையர்களுடன் தொடர்பு கொள்வது, ஆர்டர்களைப் பின்தொடர்வது, தரத்தை உறுதி செய்வது ஆகியவற்றுக்குப் பொறுப்பு.' திருப்பூரில் இருக்கும் எல்லா மெர்ச்சண்டைசரும் செய்யும் வேலை இதுதான். இதில் அவர் எங்கே இருக்கிறார்?

அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து நாலு கேள்வி கேட்டால் போதும். எத்தனை பையர்? இரண்டு ஜெர்மன், ஒரு டச்சு. என்ன பொருள்? குழந்தைகள் உடை, பாடி சூட், லெகிங்ஸ். என்ன சர்ட்டிஃபிகேட்? ஆர்கானிக் காட்டனுக்கு காட்ஸ், சாய ரசாயனத்துக்கு ஓகோடெக்ஸ். சிக்கல் வந்த ஆர்டர் ஏதாவது? டையிங்கில் ஷேட் மாறிப் போய், லேப் டிப் எனும் சாய நிற மாதிரியை மறுபடி அனுப்பி, பையரிடம் பேசி தேதி வாங்கி, விமானத்தில் ஏற்றாமல் கப்பலிலேயே அனுப்பிய ஆர்டர் ஒன்று உண்டு.

பாருங்கள், கடைசியாகச் சொன்னதுதான் தங்கம். ஏற்றுமதித் தொழிலில் இருப்பவருக்கு, தாமதமான ஆர்டரை விமானத்தில் அனுப்பினால் லாபம் மொத்தமும் போய்விடும் என்பது தெரியும். அந்த ஒரு வரியைப் படித்ததும் 'இந்தப் பெண்ணுக்குத் தொழில் தெரியும்' என்று முடிவு கட்டிவிடுவார். காட்ஸ், ஓகோடெக்ஸ், லேப் டிப், குழந்தைகள் உடை என்ற சொற்களோ தேடலில் அகப்படும். ஆக, ஒவ்வொரு வேலைக்கும் கீழே மூன்று நான்கு வரி: எதை, யாருக்கு, எவ்வளவு, எந்தச் சிக்கலைத் தீர்த்து. 'எவ்வளவு' என்பதில் கம்பெனியின் ரகசியக் கணக்கு வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பையரின் பெயரைப் போடலாமா என்பதும் யோசிக்க வேண்டியது. சந்தேகம் இருந்தால் நாட்டை மட்டும் சொல்லுங்கள்.

தேதிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நடுவில் ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்ததை மறைக்க, பழைய வேலையின் கடைசி மாதத்தை இழுத்து நீட்டுகிறவர்கள் நிறைய. சேரும்போது பின்னணி சரிபார்ப்பு என்று ஒன்று நடக்கும். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணை வைத்து எந்த நிறுவனத்தில் எந்தத் தேதி வரை இருந்தீர்கள் என்பது வெளியே வந்துவிடும். இடைவெளியை மன்னிப்பார்கள், திருத்திய தேதியை மன்னிக்க மாட்டார்கள். இடைவெளியைக் காட்டவே தளத்தில் 'கெரியர் பிரேக்' என்று தனி வசதி இருக்கிறது. பிரசவம், அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டது, தேர்வுக்குப் படித்தது, எதுவானாலும் அதில் போடலாம்.

சம்பளத்தை மட்டும் எங்கேயும் எழுத வேண்டாம். நோட்டீஸ் பீரியட் வேறு கதை. 90 நாள் நோட்டீஸ் சகஜமாகிவிட்ட ஊரில், உடனே சேர முடியும் என்றால் அதைத் தாராளமாக ஹெட்லைனிலேயே சொல்லலாம்.

ஊர் கட்டத்தையும் ஒரு தடவை பாருங்கள். வெறுமனே இந்தியா என்று போட்டிருந்தால், சென்னை என்று வடிகட்டித் தேடும்போது நீங்கள் வராமல் போக வாய்ப்பு அதிகம்.

சிபாரிசு எழுதிக் கொடுக்கும் வசதியில் ஒரு வேடிக்கை. நண்பர்கள் இருவர் ஒரே நாளில் ஒருவரை ஒருவர் ஆகா ஓகோ என்று புகழ்ந்துகொள்வார்கள். தேதி கீழேயே தெரியும். பழைய மேனேஜர் ஒருவர், குறிப்பிட்ட ஒரு வேலையைச் சொல்லி எழுதிய நாலு வரி இருந்தால் அதுவே போதும்.

கனெக்‌ஷன் சேர்ப்பதும் மெசேஜ் போடுவதும்

ஐந்நூறைத் தாண்டிவிட்டால் எண்ணிக்கை '500+' என்றுதான் தெரியும். அதற்காகவே கண்ணில் பட்டவருக்கெல்லாம் ரிக்வெஸ்ட் தட்டுவார்கள். உங்களைத் தெரியாது என்று நிறைய பேர் தட்டிவிட்டால், தளம் உங்கள் கையைக் கட்டிவிடும். வாரத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பும் இருக்கிறது. அனுப்பிய ரிக்வெஸ்ட்டைத் திரும்பப் பெற்றால், அதே ஆளுக்கு மறுபடி அனுப்ப மூன்று வாரம் வரை காத்திருக்க வேண்டும். அதனால் தெரிந்தவர்கள், கூடப் படித்தவர்கள், பழைய சக ஊழியர்கள் என்று தொடங்குங்கள். கல்லூரியின் பக்கத்தில் அலும்னி என்று ஒரு பிரிவு இருக்கும். எந்த நிறுவனத்தில், எந்த ஊரில் உங்கள் சீனியர்கள் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டும். நம்மவர்கள் அதிகம் தொடாத, ஆனால் அதிகம் பலன் தரும் இடம் இது. அண்ணா, அக்கா என்று கல்லூரியில் கூப்பிட்ட உறவு அங்கே இன்னும் வேலை செய்யும்.

இனி மெசேஜ். வேலையில் இருக்கும் யாருடைய இன்பாக்ஸைத் திறந்தாலும் கொத்துக் கொத்தாகக் கிடப்பது இதுதான்: 'ஹாய் சார்.' இரண்டு நாள் கழித்து, 'சார் ஏதாவது வேகன்சி இருந்தா சொல்லுங்க.' அப்புறம் ஒரு கேள்விக்குறி. பதில் வராததற்கு அவர் திமிர் பிடித்தவர் என்று அர்த்தம் இல்லை. அந்த மெசேஜுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் அவர் தன் கம்பெனியில் என்ன காலியிடம் என்று தேடி, உங்கள் ப்ரொஃபைலைப் படித்து, பொருத்தம் பார்த்து, எல்லா வேலையையும் அவரே செய்ய வேண்டும்.

பல நிறுவனங்களில் ஆள் பரிந்துரைக்கும் ஊழியருக்கு ரெஃபரல் போனஸ் உண்டு. நீங்கள் கேட்பது பிச்சை இல்லை, அவருக்கும் ஆதாயம் இருக்கலாம். ஆனால் பரிந்துரைக்க அவருக்குத் தேவைப்படுவது மூன்று: அந்த வேலையின் ஐ.டி. எண், பி.டி.எஃப். வடிவில் ரெஸ்யூமே, நீங்கள் ஏன் பொருத்தம் என்று இரண்டு வரி. எல்லாவற்றையும் முதல் மெசேஜிலேயே கொடுத்துவிடுங்கள். இப்படி:

"வணக்கம் சார், நான் உங்கள் கல்லூரியில் 2021-ல் மெக்கானிக்கல் முடித்தேன். உங்கள் நிறுவனத்தில் குவாலிட்டி இன்ஜினியர் வேலைக்கு (ஐ.டி. எண் இது) ஆள் எடுப்பதைப் பார்த்தேன். மூன்று வருடமாக ஒரு வால்வு கம்பெனியில் இன்கமிங் இன்ஸ்பெக்‌ஷன் பார்க்கிறேன். ரெஸ்யூமே இணைத்திருக்கிறேன். பொருத்தம் என்று பட்டால் ரெஃபர் செய்ய முடியுமா? முடியாவிட்டாலும் பரவாயில்லை, படித்ததற்கு நன்றி."

ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு ஞாபகப்படுத்தல். அதோடு விட்டுவிடுங்கள். ரிக்வெஸ்ட்டோடு சேர்த்து எழுதும் குறிப்பில் இவ்வளவு எழுத இடம் போதாது. அங்கே கல்லூரியையும் வேலையின் பெயரையும் மட்டும் சொல்லிவிட்டு, ஏற்றுக்கொண்ட பிறகு முழுசாக அனுப்பலாம்.

ஆண்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. முன்பின் தெரியாத பெண்ணுக்கு 'நைஸ் டி.பி.', 'எந்த ஊர்?' என்று அனுப்பினால், உங்கள் கம்பெனி பெயரும் பதவியும் அந்த ஸ்க்ரீன்ஷாட்டில் சேர்ந்தே போகும். வேறு தளங்களில் போலிப் பெயருக்குப் பின்னால் ஒளியலாம். இங்கே ஹெச்.ஆர். ஒரு கிளிக் தூரத்தில் இருக்கிறார்.

போஸ்ட் போடுவதில்

போஸ்ட் போட்டே ஆக வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ப்ரொஃபைல் சரியாக இருந்தால் ஒரு போஸ்ட்கூட இல்லாமல் அழைப்பு வரும். போடுவதென்றால் உங்கள் வேலையில் கற்றதை எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு இடைவெளி விட்டு, ஆட்டோ டிரைவர் சொன்ன வாழ்க்கைப் பாடம் என்று ஆரம்பிக்கும் கதைகள் அங்கே ஏற்கெனவே மலிந்து கிடக்கின்றன.

தவிர்த்தே ஆக வேண்டியவை சில உண்டு. சேர்ந்த முதல் நாள் ஐ.டி. கார்டும் லேப்டாப்பும் சேர்த்து எடுக்கும் போட்டோ. கார்டில் ஊழியர் எண், பார்கோடு, சில சமயம் ரத்த வகை வரை தெரியும். ஆஃபர் லெட்டரின் படமும் அப்படித்தான். பழைய மேனேஜரைப் பெயர் சொல்லாமல் திட்டும் போஸ்ட். யாரைச் சொல்கிறீர்கள் என்பது உங்கள் அனுபவப் பகுதியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். லைக் போடுவதும் பலருக்குத் தெரியும் என்பதை மறந்து, அரசியல் சண்டைகளில் லைக் போடுவது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, "வேலை வேண்டுவோர் கீழே 'இன்ட்ரஸ்டட்' என்று கமென்ட் போடுங்கள்" என்ற பதிவுகள். அவற்றில் பெரும்பாலானவை கமென்ட் எண்ணிக்கையை ஏற்றுவதற்காகப் போடுவது. அதன் கீழே மின்னஞ்சலும் மொபைல் எண்ணும் போட்டு வரிசையாக நிற்கிறார்கள் நம் பிள்ளைகள். வேலை தேவைப்படுகிறவர்களின் பட்டியல், போன் நம்பரோடு, இலவசமாக. மோசடிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்?

'ஓப்பன் டு வொர்க்' எப்போது, எப்படி

வேலை தேடுகிறேன் என்று ப்ரொஃபைலில் காட்டும் வசதி இது. இதில் இரண்டு வகை. போட்டோவைச் சுற்றி பச்சை வளையம் வருவது எல்லோருக்கும் தெரியும். ரெக்ரூட்டருக்கு மட்டும் தெரியும்படி வைப்பது இன்னொன்று. வேலை போய்விட்டவர்கள், புதிதாகப் படித்து முடித்தவர்கள் பச்சை வளையம் போடுவதில் தவறே இல்லை. அது கௌரவக் குறைச்சல் என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வேலையில் இருப்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்கள் சொந்த நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் தளம் மறைக்கப் பார்க்கும். ஆனால் முழு உத்தரவாதம் தர முடியாது என்று அதுவே சொல்கிறது. உங்கள் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் வெளி கன்சல்டன்சிக்காரர் பார்க்கலாம், வாய் தவறிச் சொல்லியும் விடலாம். அந்த ரிஸ்க் எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் இதைத் தொடாமல், நேராக விண்ணப்பிப்பதே மேல்.

விண்ணப்பம் என்றதும் 'ஈஸி அப்ளை' பொத்தானை இரவெல்லாம் தட்டுவது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. உங்களுக்கு ஒரு தட்டு என்றால் எல்லோருக்கும் ஒரு தட்டுதான். பொருத்தமான வேலை ஐந்தை எடுத்து, அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் விண்ணப்பித்து, உள்ளே ஒருவரிடம் ரெஃபரல் கேட்பதற்கு அந்த இரவைச் செலவிடலாம்.

தூண்டில் போடுகிறவர்கள்

கம்பெனிப் பெயரும் லோகோவும் போட்டு யார் வேண்டுமானாலும் ஹெச்.ஆர். ஆகிவிட முடியும். ரெஜிஸ்ட்ரேஷன் கட்டணம், ட்ரெயினிங் கட்டணம், லேப்டாப்புக்கு டெபாசிட் என்று பணம் கேட்டால் அந்த நிமிடமே பேச்சை நிறுத்துங்கள். சம்பளம் கொடுக்க வேண்டியவன் உங்களிடம் வாங்குவானேன்? பேச்சு சீக்கிரமே வாட்ஸ்அப், டெலிகிராமுக்கு நகர்வது, கம்பெனி மின்னஞ்சல் இல்லாமல் ஜிமெயிலில் ஆஃபர் வருவது, இன்டர்வியூ இல்லாமலே வேலை உறுதியாவது, எல்லாம் ஒரே குட்டையில் ஊறியவை.

வெளிநாட்டு வேலை என்றால் இன்னும் உஷார். 2022-ல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை என்று சமூக ஊடகங்கள் வழியாக இழுக்கப்பட்ட இளைஞர்கள், தமிழ்நாட்டுக்காரர்கள் உட்பட, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வெளியுறவுத் துறை எச்சரிக்கை வெளியிட வேண்டியிருந்தது. ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. இலங்கையில் இருப்பவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஏஜென்சியின் உரிமத்தைச் சரிபார்க்கலாம்.

'நாம் படித்தவர்கள், மாட்ட மாட்டோம்' என்று நினைக்க வேண்டாம். ஆக்சி இன்ஃபினிட்டி என்ற ஆன்லைன் விளையாட்டின் கிரிப்டோ பணம் புழங்கும் ரோனின் நெட்வொர்க்கிலிருந்து 2022 மார்ச்சில் 60 கோடி டாலருக்கும் மேல் களவு போனது. வட கொரியாவின் லாசரஸ் என்ற ஹேக்கர் குழுதான் காரணம் என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. சொன்னது. அந்த விளையாட்டை நடத்தும் நிறுவனத்தின் மூத்த இன்ஜினியர் ஒருவருக்கு லிங்க்ட்இன் வழியாகப் போலி வேலை காட்டி, இன்டர்வியூ எல்லாம் நடத்தி, கடைசியில் அனுப்பிய ஆஃபர் லெட்டர் பி.டி.எஃப். ஃபைலில்தான் வைரஸ் இருந்தது என்று பின்னால் செய்தி வந்தது. ஆகவே தெரியாதவர் அனுப்பிய ஃபைலை ஆபீஸ் லேப்டாப்பில் திறக்காதீர்கள். கோடிங் டெஸ்ட் என்று யாரோ கொடுத்த ப்ராஜெக்ட்டை இறக்கி அப்படியே ஓட்டாதீர்கள். தளத்தின் பாஸ்வேர்டை வேறெங்கும் பயன்படுத்தாமல், இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். 2012-ல் இங்கிருந்தே திருடப்பட்ட பாஸ்வேர்டுகள் நாலு வருடம் கழித்துக் கோடிக்கணக்கில் விற்பனைக்கு வந்தன.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு நாள் கடத்தாமல் உடனே இந்தியாவின் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க வாய்ப்பு உண்டு. மெசேஜ்களின் ஸ்க்ரீன்ஷாட்டையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழித்துவிடாதீர்கள்.

வேலை கிடைத்த பிறகு

ஆஃபர் வந்த அன்றே 'மகிழ்ச்சியோடு அறிவிக்கிறேன்' போஸ்ட் வேண்டாம். கடைசி நேரத்தில் ஆஃபரை ரத்து செய்யும் கம்பெனிகளும் இருக்கின்றன. பழைய இடத்தில் ரிலீவிங் லெட்டர் கைக்கு வர வேண்டியதும் பாக்கி இருக்கும். சேர்ந்து, ஒரு சம்பளம் வாங்கிய பிறகு ப்ரொஃபைலை மாற்றினால் ஒன்றும் குறைந்துபோகாது. அப்போது ஓப்பன் டு வொர்க்கையும் அணைத்துவிடுங்கள். இலவச மாதம் என்று தளத்தின் கட்டணச் சந்தாவான பிரீமியம் எடுத்திருந்தால், கெடு முடியும் முன்பே ரத்து செய்ய வேண்டும். போன் ஆப் ஸ்டோர் வழியாக எடுத்திருந்தால் அங்கே போய்த்தான் ரத்து செய்ய முடியும், ஆப்பை அழிப்பதால் பணம் பிடிப்பது நிற்காது.

ரெஃபர் செய்தவருக்குச் சேர்ந்த தேதியை ஒரு வரி எழுதிப் போடுங்கள். பல நிறுவனங்களில் நீங்கள் சில மாதம் நிலைத்த பிறகுதான் அவருக்குப் போனஸ் வரும், அதைக் கேட்டு வாங்க அவருக்கு அந்தத் தேதி வேண்டும்.